என் மகள் தின்னும் வெள்ளைக் களிமண்

சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக அத்தனை மண் கிடக்க, என் மகள் அந்த ஒரு வெள்ளைக் களிமண்ணை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தாள்? மோந்து பார்த்தாளா, நக்கிப் பார்த்தாளா? இயற்பியலில் எம்.எஸ்சி. படித்த எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. அவளோ அப்போதுதான் முழு வாக்கியம் பேசத் தொடங்கியிருந்தாள்.

சிலோனிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்காகக் கீழ் கோத்தகிரிப் பக்கம் புது லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், எழும்பும் காலம் இது. என் கணவர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். எங்கள் குவார்ட்டர்ஸ் கட்டுவதற்காக மலையை வெட்டியதில், பின்புறம் மண் சுவர் மாதிரி நின்றது. என் ஆராய்ச்சிக்கு மண் அங்கிருந்துதான். என் மகளின் சிற்றுண்டியும் அங்கிருந்துதான்.

ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் பதிவு செய்து, பிரசவத்தில் நின்றுபோய், பெங்களூர்ப் பேராசிரியரின் இரக்கத்தில் உயிரோடு இருக்கிற சங்கதி. களிமண் காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். அது உள்ளே தண்ணீரைப் பதுக்கி வைத்திருக்கும். சில மண்ணில் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீராகவே. சிலதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கைகோத்து, மண்ணின் உடம்போடு உடம்பாக. அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் துளியூண்டு மட்டும் நிறம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பதிலிருந்து உள்ளே என்ன அதிர்கிறது என்று சொல்லிவிடலாம். ராமன் நிறமாலை என்பது இதுதான்.

சொல்லிவிடலாம் என்பது புத்தகத்தில். எங்கள் மலை மண்ணில் மக்கிய இலை அதிகம். லேசர் பட்டதும் மண்ணே தானாக ஒளிரத் தொடங்கிவிடும். அந்தக் கூச்சலில் ராமன் முணுமுணுப்பது யார் காதிலும் விழாது. இயந்திரத்தில் அதிர்வுகளைக் கோடாகப் போட வேண்டிய பேனா தாளின் உச்சிக்கு ஓடிப்போய், மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே படுத்துக்கொள்ளும்.

இதற்கிடையில் மகள் வெளுத்துக்கொண்டே போனாள். டாக்டர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு என்றார். இரும்பு டானிக்கும் குடல்பூச்சி மருந்தும் எழுதினார்.

"மண் திங்கறத நிறுத்தோணும். இல்லீன்னா டானிக் குடுத்தும் பிரயோசனமில்லீங்க."

"எப்படிங்க நிறுத்தறது?"

"நீங்கதானுங்களே அம்மா?"

கையைத் தட்டிவிட்டேன். அடித்தேன். அடித்ததற்காக நானே அழுதேன். மகளைப் பகலில் பார்த்துக்கொண்ட பெண், தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"விடுங்க கிளாக்கரம்மா. அங்க எங்க லயத்துல மாசமா இருக்கிறவளுக எல்லாம் தின்னதுதான். எங்க நாத்தனா தின்னதுல ஒரு மலையே கரைஞ்சிருக்கும்."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆச்சே. ஏழு புள்ள ஆச்சு."

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்துவிட்டது. அதனால் அடுத்த முறை பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது மகளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் கொண்டுபோன அத்தனை மண் பாட்டில்களும் பல்லிளித்தன. பேனா உச்சியில் படுத்துவிட்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டுவதற்கு முன் செய்வது அது. அப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மகள் கவுன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து நிதானமாக நக்கினாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். அவர் அதை என்னிடமிருந்து பிடுங்கினார். எச்சில் படாத பக்கத்தைச் சுரண்டி இயந்திரத்தில் வைத்தார்.

பேனா கீழேயே நின்றது. பிறகு நெருக்கமாகச் சில கூரான முகடுகளை வரைந்தது. மண்ணின் உடம்போடு ஒட்டிய அந்த ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஜோடியின் அதிர்வு. நான் அதுவரை புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்தது.

"எங்கம்மா எடுத்தீங்க இதை?"

"குழந்தை வாயிலிருந்து, சார்."

"அதுக்கு முன்னாடி?"

தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து இன்னும் நிறைய வேண்டும், அது வந்தால் ஆய்வேட்டை முடித்துவிடலாம் என்றார். ஊருக்குத் திரும்பியதும் திட்டுவதை நிறுத்தினேன். திட்டும் அம்மாவுக்கு எந்தக் குழந்தை இடத்தைக் காட்டும்? பாட்டிலும் கரண்டியுமாகத் துப்பறிகிறவள் போல் அவள் பின்னாலேயே போனேன். கோழிக்கூண்டுக்குப் பின்னால், வெட்டிய சரிவில், ஒரு கை அகலத்தில் வெள்ளை நரம்பு ஓடியது. அதில் குட்டி விரல்களின் பள்ளம் பள்ளமான தடங்கள். நான் மகிழ்ச்சியில் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இப்போது தினமும் ஒரு பிடி கொண்டுவந்து அதை இரண்டாகப் பிட்டு, "இது மெசினுக்கு, இது எனக்கு" என்கிறாள். மெஷின் பங்கை என் உள்ளங்கையில் வைக்கும்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. "ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று கணவரிடம் முறையிட்டால், "நீ பாட்டில்ல போட்டு லேபிள் ஒட்டி வெக்கறே. அது திங்காம என்ன பண்ணும்?" என்கிறார். டானிக் இறங்குகிறது, ரத்தம் ஏறவில்லை. மகளுக்கு முத்தம் கொடுத்ததை மட்டும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் அம்மாக்களே, வேப்பெண்ணெய் தடவச் சொல்லாதீர்கள், தடவினேன், சப்புக்கொட்டினாள். சரிவை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் வேறு நரம்பைக் கண்டுபிடிப்பாள், அந்தத் திறமை அவளுக்கு உண்டு. அம்மா பொக்கிஷமாக எடுத்து வைக்கிற ஒன்றைக் குழந்தை வாயில் போடக் கூடாது என்று, அவளைத் திருடியாக்காமல் எப்படிச் சொல்வது? உங்களில் யாராவது சொல்லிப் பலித்திருந்தால், என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று அப்படியே எழுதுங்கள்.