தையல் மெஷினோடு எங்கள் காரில் ஏறியவர்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு சனிக்கிழமை காலை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், செவன் கிங்ஸ் என்ற ஊரில், ஒரு பழைய வீட்டு வாசலில் நானும் இவரும்!

(இவர் என்றால் என் வீட்டுக்காரர். இத்தனை வருடமாகப் பெயர் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை!)

'வீட்டுச் சாமான் முழுவதும் விற்பனைக்கு' என்று பக்கத்துக் கடைக் கண்ணாடியில் கார்டு ஒட்டியிருந்தார்கள்.

இவருக்குப் பழைய ரேடியோப் பைத்தியம். எனக்கோ அவசரமாக ஒரு தையல் மெஷின் தேவை. வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தொடங்க வேண்டும், கையில் ஓர் ஊசிகூட இல்லை!

உள்ளே போனால் மாடிப்படி முழுக்கத் தொப்பிகள். குளியல் தொட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டுகள். எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர். இவர் ரேடியோ தேடிச் சாமான்களுக்குள் மறைந்தே போனார்.

பின்னறையில்தான் கண்டேன். கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூப்போட்ட கைமெஷின்!

பக்கத்துக் கதிரையில் கோட் போட்டபடி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரும் சாமான் வாங்க வந்தவர் என்று நினைத்தேன்.

"இது வேலை செய்யுமோ?" என்று கேட்டேன்.

(ஆங்கிலத்தில் நடந்த பேச்சையும் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன்.)

"செய்யும். நூல் கோக்கிறதுதான் கொஞ்சம் கரைச்சல். இருங்கோ, காட்டுறன்."

அவர் நூல் முனையை நாக்கில் நனைத்தார். ஒரே தடவையில் நூல் ஊசிக்குள்!

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ரை மனுசியின்ரை மெஷின் எல்லோ! அவ கடைக்குப் போயிருக்கிறா. வந்தவுடனை கேட்டுட்டு எடுங்கோ."

எனக்குத் தலை சுற்றியது. விற்கிறார்களா, இல்லையா?

முன்னறையில் காசு வாங்கிக்கொண்டிருந்த பெண் பெரியவரின் மகள். "அம்மா கடையாலை வாறவரைக்கும் நிக்கட்டோ?" என்று மகளிடம் கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா செத்து நாலு வருசம். அப்பாவுக்கு அது நினைவில்லை. இண்டைக்கு அவரை வயசானவையின்ரை ஹோமிலை சேர்க்கவேணும். காலமையிலிருந்து கெஞ்சுறன், காரிலை ஏறமாட்டன் எண்டுறார். நீங்கள் மெஷினை எடுங்கோ."

இவரைத் தேடிப் பிடித்தேன். "இஞ்சாருங்கோ, எனக்கு மனம் கேக்குதில்லை."

"திங்கட்கிழமை எதாலை தைப்பீர்?" என்றார்.

முன்னறைக்குப் போய்க் காசைக் கொடுத்து மெஷினை வாங்கிவிட்டேன்.

நாங்கள் மெஷினைத் தூக்கியதும் பெரியவரும் எழுந்துவந்து ஒரு பக்கம் பிடித்தார். வாசல் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எங்கள் கார் வரைக்கும் வந்தார்.

கதவைத் திறந்தேன். அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மெஷினை வாங்கி மடியில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார்!

"நீர் கூப்பிட்டனீரோ?" என்றார் இவர்.

"ஐயோ, நானில்லை!"

"வெளிக்கிடுங்கோ," என்றார் பெரியவர். "மனுசி கடையிலை பாத்துக்கொண்டு நிப்பா."

மகள் ஓடிவந்தார். காருக்குள் இருக்கும் அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "நீங்களே அங்கை கொண்டுபோய் விடுவியளோ?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மகள் போய், சாமான் வாங்க வந்தவர்களை அனுப்பி வீட்டைப் பூட்டி, அப்பாவின் சூட்கேஸோடு வந்து, என் பக்கத்தில் பின்சீட்டில் ஏறினார்.

வழி முழுக்கப் பெரியவர் இவருக்கு ரோட் சொல்லிக்கொண்டே வந்தார், மனுசி போன கடைக்குப் போகும் ரோட். இவர் "ஓம், ஓம்" என்றபடி வேறு பக்கம் திருப்பினார்.

ஹோம் வாசலில் கார் நின்றது. பெரியவர் மெஷினைக் கவனமாக என் கையில் தந்தார். கட்டடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகளை இல்லை, என்னை!

"அவ உள்ளையோ நிக்கிறா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் "ஓம்" என்றேன்.

அவர் கோட் பொத்தானைப் பூட்டி, கையால் தலைமுடியை வாரிவிட்டு, சந்தோசமாக உள்ளே நடந்தார்.

நான் செய்தது உதவியா, ஏமாற்றா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீங்களாக இருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?