திருமால் வூடு

அனிஷாவைப் பற்றி யாராவது "பாவம், சின்ன வயசு" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உச்சுக் கொட்டுகிறவர்களில் ஒருத்தராவது அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டதுண்டா? கிடையாது. அரூரில் எங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. எனக்குக் கணக்கு, அவளுக்குக் கம்ப்யூட்டர். சித்தேரி மலையூர்களுக்கு மாதாமாதம் மருந்து வண்டி அனுப்புகிறோம். சர்க்கரை, பிரஷர், வலிப்பு என்று விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் அதில் போகும். யாருக்கு எது என்று சொல்கிற மென்பொருள் அனிஷாவின் பொறுப்பு.

அவள் பள்ளிப்பட்டிப் பெண். கணவன் அமலன் போன வருஷம் தொப்பூர் கணவாயில் லாரி மோதிச் செத்துப்போனான். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். "வூட்ல இருந்தா எல்லாரும் வந்து வந்து மூஞ்சியப் பாக்கறாங்கக்கா" என்றாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் வண்டியோடு போய்வரும் நர்ஸ் கோகிலவாணி வெளுத்த முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். மலையில் பழனியம்மாள் என்கிற பெண்ணுக்கு வலிப்பு வந்து அடுப்பில் விழுந்துவிட்டாள். வலது கை வெந்துபோயிற்று. மூன்று மாதமாக அவளுக்கு மாத்திரை போகவில்லை.

"ஏன் கேக்கலன்னு கேட்டேங்க்கா. 'அவரு போயிட்டாரு, அவரோடயே என் மாத்திரையும் நின்னுபோச்சுன்னு நெனச்சுட்டேன்'னு சொல்லுது."

புருஷன் போனதோடு பூ போயிற்று, பொட்டுப் போயிற்று, நல்ல காரியத்தில் முன்னால் நிற்பது போயிற்று. அந்த வரிசையில் மாத்திரையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். இந்த ஊர் அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அனிஷா பழனியம்மாளின் பெயரைத் தட்டித் தேடினாள். பெயரே இல்லை. அவள் கணவன் திருமாலும் இல்லை. அந்த வீடே இல்லை.

கோகிலவாணி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். வண்டி நின்றதும் வீட்டுத் தலைவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். "திருமால் வூடு!" என்றால் அந்த வீட்டில் யாராவது வந்து எல்லோருக்கும் சேர்த்து வாங்கிப்போவார்கள். திருமால் செத்த வாரம் வண்டி போனபோது இவள் கையில் இருந்த டேப்லெட் திரையைப் பார்த்து வாய்ப்பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டாள். கருமாதி முடிகிறவரை செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது அந்த ஊர்க்காரர்கள் நம்பிக்கை. கூப்பிட்டால் போகிறவர் பாதி வழியில் திரும்பிப் பார்ப்பாராம். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. பழனியம்மாள் மட்டும் குடிசையிலிருந்து ஓடிவந்து காட்டுப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"அந்தப் பேரு மறுபடியும் என் வாயில வந்துடக் கூடாதுன்னுதான் அழிச்சேன். அவரு ஒருத்தர மட்டுந்தான் அழிச்சேன். சத்தியமா."

அவள் பொய் சொல்லவில்லை. மற்றவர்களை அழித்தது மென்பொருளுக்குள் இருந்த லைப்ரரி, வேறு யாரோ எழுதிவைத்த நிரல்தொகுப்பு.

அது என்ன என்று அனிஷா முன்பே எனக்கு விளக்கியிருந்தாள். நிரல் எழுதுகிறவர்கள் 'குடும்பம்', 'ஆள்' என்று தங்கள் பாஷையில் எழுதுவார்கள். தரவுத்தளத்துக்கு அட்டவணையும் வரிசையும்தான் தெரியும். நடுவில் இருந்து இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றிச் சொல்வதுதான் ஓஆர்எம் லைப்ரரி. மாட்டுச் சந்தைத் தரகன் என்று நான் புரிந்துகொண்டேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து அவன் என்ன பேசினான் என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது.

மேலாளர் மாதவராஜ் வந்தார். "அந்தம்மா பேர மறுபடி ஏத்திட்டா முடிஞ்சுதேம்மா. இதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?"

"அடுத்த வூட்ல சாவு விழுந்தா என்ன சார் பண்றது?" என்றாள் அனிஷா, திரும்பிப் பார்க்காமல்.

அன்று சாயங்காலமே பழைய காப்பு நகலிலிருந்து பழனியம்மாளை மீட்டுவிட்டாள். கோகிலவாணி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாத்திரையோடு மலையேறினாள். அனிஷா துண்டைத் தூக்கிப் பார்க்கிற வேலையில் இறங்கினாள். லைப்ரரி தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளையையும் திரையில் ஓடவிட்டாள். வீட்டில் எல்லோரும் தலைவருக்குக் கீழே கோக்கப்பட்டிருந்தார்கள். தலைவர் போனால் கோத்தவர்களும் போக வேண்டும் என்று ஒரு விதி. புருஷன் செத்தால் பெண்டாட்டியும் கணக்கிலிருந்து போக வேண்டுமாம். இதை எழுதிய மகராசன் எந்தச் சீமையில் இருந்தானோ!

அந்த விதியை அணைத்தாள். அப்படியும் அழிந்தது. மலையில் சிக்னல் இல்லாததால் டேப்லெட்டில் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்புகிற பகுதி ஒன்று லைப்ரரிக்குள் இருந்தது. அது அந்த விதியையே பார்ப்பதில்லை. தலைவருக்குக் கீழே இருப்பவர்களை ஒவ்வொருவராக எடுத்துத் தானே அழித்துக்கொண்டிருந்தது. லைப்ரரியை எழுதியவருக்கு அனிஷா அனுப்பிய கடிதங்கள் கிணற்றில் போட்ட கல். கடைசியில் தானே அதை நீட்டி எழுதத் துணிந்தாள். இனி 'அழி' என்றால் வரிசை அழியாது. 'இல்லை' என்று ஒரு குறி மட்டும் விழும், கண்ணுக்கு மறையும். மீதி இருப்பவர்களில் மூத்தவர் வீட்டுத் தலைவர் ஆவார். மருந்து நிற்காது.

சொல்வது சுலபம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு பொய்க் குடும்பத்தை உண்டாக்கி, தலைவரை அழித்துச் சோதித்துப் பார்ப்பாள். ஒரு மத்தியானம் டீ கொண்டுபோய் வைத்தபோது அவள் திரை என் கண்ணில் பட்டது. சோதனைக் குடும்பத்தின் தலைவர் பெயர் அமலன். கீழே சிவப்பில் ஒரு வரி: அனிஷா கிடைக்கவில்லை.

"ஏண்டி, வேற பேரே கெடைக்கலயா உனக்கு?"

"கை அதாங்க்கா போட்டுச்சு" என்றாள். "ஒவ்வொரு தடவையும் அவர நான்தான் அழிக்கிறேன். கூடவே நானும் போயிடறேன்."

டீ ஆறிவிடும், குடி என்றேன்.

மறுபடி ஓட்டினாள். சிவப்பு. திருத்தி மறுபடி ஓட்டினாள். அந்த வாரம் முழுக்க அவள் மேசைப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. சோதனை தேறிப் பச்சை வந்த அன்று தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டேன். மாதவராஜ் வந்து எட்டிப் பார்க்கப் போனார். ஒரு முறை முறைத்தேன், போய்விட்டார்.

அடுத்த மாத வண்டியில் அவளும் மலைக்குக் கிளம்பினாள். புதிய நிரல் டேப்லெட்டில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவளைத் தனியாக விட மனம் வராமல் நானும் தொற்றிக்கொண்டேன். சாமைக் காடு அறுத்துக் கிடந்தது. வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கோகிலவாணி டேப்லெட்டைப் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டாள். எல்லாம் சரியாக நடந்தது.

"பழனியம்மா வூடு!"

யாரும் வரவில்லை. பலாமரத்தடியில் கையில் கட்டோடு ஒருத்தி உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோகிலவாணி இரண்டாம் தரம் கூப்பிட்டும் அசையவில்லை. அனிஷா பக்கத்தில் போனாள்.

"அக்கா, உங்களத்தான் கூப்பிடறாங்க."

"என்னையா?" என்றாள் பழனியம்மாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அவரு பேரு அழிஞ்சுபோச்சா கண்ணு?" என்றாள்.

"அழியலக்கா. உள்ள பத்திரமா இருக்கு. கூப்பிடறதுக்கு மட்டும் வராது. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் அப்படிப் பண்ணுனது."

பழனியம்மாள் காட்டுப்பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கருமாதிதான் முடிஞ்சுபோச்சே கண்ணு. இனி அவரு பேர எவ கூப்பிடப்போறா? நீங்க வண்டி கொண்டாந்தாத்தான் உண்டு." கட்டுப்போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "கூப்பிடச் சொல்லு. வந்தா வரட்டுமே."

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். அதில் அந்தப் பெயர் இல்லை. அனிஷாவே இல்லாமல் செய்திருந்தாள். அனிஷா மாத்திரைப் பையைக் கோகிலவாணி கையிலிருந்து வாங்கினாள். அமலன் போன நாளிலிருந்து அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"திருமால் வூடு!"

பழனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, இடது கையை நீட்டினாள்.