கொடுக்கைப் பிடுங்காத அரை நிமிடம்

அந்த அரை நிமிடம் நான் ஏன் கையை நீட்டாமல் நின்றேன்? என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு கண்ணாடி ஸ்லைடு இருக்கும். ஒரு தேனீயின் கொடுக்கு அதில் சிறு பழுப்புக் கீறலாகப் படிந்திருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது.

திருமணத்துக்கு முன் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே உதவியாளராக இருந்தவரை எல்லோரும் லேப் அக்கா என்போம். மாணவிகள் தேனீயின் வாயுறுப்புகளையும் கொடுக்கையும் பிரித்து ஸ்லைடில் வைத்துக் காட்ட வேண்டும். அதற்கான தேனீக்களை அக்காதான் கொண்டுவருவார். மயிலத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கியதும், கரும்புச்சாறு வண்டியில் சக்கைமேல் செத்துக் கிடப்பவற்றை மட்டும் ஒரு டப்பாவில் பொறுக்குவார். "பாவ புண்ணியம்லாம் இல்ல மேடம், உசுரோட இருந்தா கொட்டுமே" என்று சிரிப்பார். பெரும்பாலும் இறக்கை ஓரம் கிழிந்த வயதான தேனீக்களாகத்தான் இருக்கும். வேலைக்காரத் தேனீ முதலில் கூட்டுக்குள் அறைகளைச் சுத்தம் செய்யும், புழுக்களுக்கு ஊட்டும், மெழுகு கட்டும். வெளியே பறப்பது வாழ்வின் கடைசி வேலை.

ஒருநாள் டப்பாவில் இருந்த ஒன்று சாகவில்லை. சாற்றில் நனைந்து மயங்கியிருந்தது, மேசை விளக்கின் சூட்டில் உலர்ந்து எழுந்து அக்காவின் கழுத்தில் கொட்டியது. கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. தேனீ பறந்தாலும் கொடுக்கு தசையோடும் நச்சுப்பையோடும் பிய்ந்து தோலிலேயே நின்று நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். விரலால் பிடித்தால் பை நசுங்கும், அட்டையால்தான் வழிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அதனால் என் அடையாள அட்டையைப் பைக்குள் தேடினேன். அந்தச் சிறிய நச்சுப்பை துடிப்பதைப் பார்த்தபடியே தேடினேன்.

"மேடம், இன்னாத்த தேடிக்கினு நிக்கிறீங்க? பாடத்த அப்புறம் நடத்துங்க, புடுங்குங்க ஜல்தி!" என்று அக்கா கத்தினார்.

கடைசியில் அவரே நகத்தால் கீறி எடுத்தார். சற்று நேரத்தில் உதடும் இமையும் வீங்கி மூச்சு இழுத்தது. ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்றார் மருத்துவர். உடனே எடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று கேட்டேன். அக்காவின் உடம்புக்கே இந்த நஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இன்னொரு முறை கொட்டினால் ஆபத்து என்று அக்காவை நூலகத்துக்கு மாற்றினார்கள். போகும்போது இந்த ஸ்லைடை என் கையில் வைத்தார். "என்னக் கொட்டினதுதான். பத்திரமா வெச்சுக்குங்க, அடுத்த பேட்ச்சுக்கு ஆவும்."

இப்போது திண்டிவனத்தில் மாடி வீட்டில் இருக்கிறோம். பால்கனியைத் தொடும் முருங்கைக் கிளையில் கொம்புத் தேனீக்கள் உள்ளங்கை அகலத்துக்குத் தேனடை கட்டியிருக்கின்றன. என் இரண்டு வயது மகனை மணிக்கட்டில் ஒன்று கொட்டிவிட்டது. அந்த நொடியே நகத்தால் பிடுங்கினேன். கை மட்டும்தான் வீங்கியது. பயமில்லை, மூச்சுத் திணறினால் மட்டும் உடனே ஓடி வாருங்கள் என்றார்கள் மருத்துவமனையில். ஆனால் அடுத்த முறை? வீட்டுக்கார அம்மா ஆள் வைத்துக் கூட்டைக் கொளுத்தச் சொல்கிறார். முட்டை தேனீயாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், மூடிய அறைகள் பொரியட்டும் என்று தவணை கேட்டேன்.

"உங்களுக்குப் புள்ள முக்கியமா, பூச்சி முக்கியமா? யோசிச்சிக்கினே இருங்க" என்று கீழே போய்விட்டார்.

மூன்று வாரமும் முடிந்துவிட்டது. பொரிந்து காலியான அறைகளில் ராணி மறுபடி முட்டையிட்டிருக்கிறது. படித்த நான் இதை எப்படி மறந்தேன்? பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மகன் உள்ளிருந்து தட்டுகிறான். நான் மறுபடி அட்டையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேனோ?

சின்னக் குழந்தையோடு இப்படிக் கூட்டின் பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவை தாமாகவே போயினவா? கொளுத்தாமல் கிளையோடு எடுத்துப் போகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டா? இந்த மாதக் கடைசி வரைதான் வீட்டுக்கார அம்மா பொறுப்பார். ஸ்லைடு மேசைமேல், கண்ணெதிரே இருக்கிறது. இம்முறை அதை இழுப்பறையில் வைக்கவில்லை.