பி.டி. சார் கேட்ட கேள்வி

செபாஸ்தியான் சாருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. தியாகதுருகம் பக்கத்து அரசு மேல்நிலைப்பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தில் நின்று "டேய்!" என்று ஒரு குரல் கொடுத்தால், ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடத் தங்களைத்தான் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

பிள்ளைகள் தற்கொலை எண்ணத்தில் தவிப்பதை முன்கூட்டியே கண்டுகொண்டு உதவுவது எப்படி என்று பள்ளி ஊழியர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி அது. மற்ற ஆசிரியர்களுக்குப் பாடம் முடியவில்லை என்று தலைமையாசிரியர் தனசேகரன் இவரை அனுப்பிவைத்திருந்தார். பயிற்சி கொடுத்தது ஏஞ்சலின் என்ற மனநல ஆலோசகர். பக்கத்தில் இருப்பவரை மாணவனாக நினைத்து, அந்த எண்ணம் இருக்கிறதா என்று கேட்டுப் பழகச் சொன்னார். செபாஸ்தியான், "இன்னாப்பா, மனசு கஷ்டமாகீதா? சாப்ட்டியா?" என்பதோடு நின்றுவிட்டார்.

"சுத்தி வளைக்காதீங்க சார்" என்றார் ஏஞ்சலின். "செத்துடலாம்னு தோணுதான்னு நேரா கேளுங்க. நீங்க கேக்கறதால அந்த நெனப்பு புதுசா வந்துடாது. ஏற்கெனவே இருந்தா, அதச் சொல்ல ஒரு வழி கெடைக்கும். கேட்டுட்டு அமைதியா இருங்க. புத்திமதி வேணாம்."

கேட்பதைவிட அமைதியாக இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவி உபகாரமேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். கேள்வி மைதானத்துக் குரலிலேயே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செவ்வந்தி அலறிப்புடைத்து ஓடிவந்தாள். "இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி, பாடம் படிக்கிறாரு" என்ற உபகாரமேரி, கணவர் பக்கம் திரும்பினாள். "காதுக்குள்ள பேசற மாதிரி கேளுங்க. இன்னொரு வாட்டி."

அந்த வாரம் முழுக்க அவள்தான் மாணவி.

பள்ளியில் முதன்முதலில் அவர் கேட்டது தமிழழகனிடம். தூங்கித் தூங்கி விழுந்த பையன் அவன். தனியாக அழைத்துப்போய் மெல்லக் கேட்டதும் அவன் விழித்தான். "அய்யய்யோ, இல்ல சார்! மாடு கன்னு போட்டுச்சு. விடிய விடிய முழிச்சிக்கினு இருந்தேன்." ஆசிரியர்கள் அறையில் ஒரு வாரம் இதே சிரிப்பு. செபாஸ்தியான் கூச்சத்தோடு ஏஞ்சலினுக்குப் போன் செய்தார். "நல்லதாப் போச்சுன்னு சந்தோஷப்படுங்க சார். கேக்கறத மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் அவர்.

வாலிபால் அணியில் எழில்மதி என்று ஒரு பிளஸ் ஒன் மாணவி. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். வாய் ஓயாதவள், கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்திருந்தாள். போட்டி நெருங்கும் சமயத்தில் தன் ஷூவை ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு இனிமே வேணாம்" என்றாள். பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவதும் ஓர் அறிகுறி என்று பயிற்சியில் சொன்னது செபாஸ்தியானுக்கு நினைவு வந்தது.

மற்றவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் அவளருகே உட்கார்ந்தார். "கொஞ்ச நாளா நீ நீயா இல்லம்மா. செத்துடலாம்னு ஏதாச்சும் தோணுதா?"

அவள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமா சார்" என்றாள்.

"சொன்னியே, அதுவே பெருசும்மா" என்றார். அவள் அழுதழுது சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். படிப்பு, வீடு, விடுதியில் சிலர் செய்த கேலி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தது.

"யாராண்டையும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சார்."

"அத மட்டும் பண்ண மாட்டேம்மா. உன்னத் தனியாவும் வுட மாட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. அவர் அருள்மொழி டீச்சரைக் கூப்பிட்டு அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, ஏஞ்சலினுக்கும் தலைமையாசிரியருக்கும் தகவல் சொன்னார். மலையிலிருந்து அவள் அம்மா செல்லியம்மாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். மகளைத் திட்டப் போகிறாளோ என்று பயந்தார் செபாஸ்தியான். அவள் ஒன்றும் கேட்காமல் மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அன்றே எல்லாருமாக அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். கேலி செய்தவர்களைத் தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பேசினார்.

சில வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பிய எழில்மதி, செபாஸ்தியான் சாரோடு பேசவே இல்லை. வராந்தாவில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தாள். "என்மேல கோவமா கீது மேரி" என்று அவர் சொன்னபோது, "கோவப்படறதுக்குப் புள்ள இருக்குதே, அது போதாதா?" என்றாள் உபகாரமேரி.

ஒருநாள் பயிற்சி நேரத்தில் அவளாகவே வந்து நெட் கட்டினாள். நைனார்பாளையத்தில் நடந்த போட்டியில் அணி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றது. அப்படியும் திரும்பும் வழி முழுக்க வேனில் ஒரே பாட்டுதான். அவள் குரல்தான் ஓங்கியிருந்தது.

எல்லா நாளும் அப்படி இருப்பதில்லை. ஆலோசனைக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். சில நாள் மைதானத்து ஓரமாக வந்து நின்று, "சார், இன்னிக்கு சரியில்ல" என்பாள். செபாஸ்தியான் விசிலைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காருவார்.