ஆளில்லாத வீடுகளில் கேட்ட கருத்து

புதுக்குடியிருப்பில் பஸ்ஸிலிருந்து இறங்கி மிளகாய் பயிரிடும் குடியேற்றக் கிராமத்துக்கு நடந்து வருகிறேன். கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வு நிறுவனம், சந்தையைத் திறந்துவிடச் சொல்லி அரசுக்கு அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டு மிளகாயும் வந்துவிட்டது. இப்போதுதான் விவசாயிகளின் கருத்தைக் கேட்டு வரும்படி என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

நடுப்பகல். பறிக்காத மிளகாய் செடியிலேயே காய்ந்து கிடக்கிறது. வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கிணற்றடியில் ஒரு பெண் மட்டும் நிற்கிறார்.

"மிளகாய் அறிக்கை எழுதின கொழும்பு நிறுவனத்திலயிருந்து கருத்துக் கேக்க வந்தனான். ஆக்கள் எங்கை அக்கா?"

"இருக்கினம். வாங்கோ தம்பி, கேட்டு எழுதுங்கோ."

முதல் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார். "செல்லத்துரை அண்ணை, கொழும்பிலயிருந்து ஆள் வந்திருக்கு."

உள்ளே யாரும் உட்காராத கதிரை ஒன்று கிடக்கிறது. அந்தப் பெண் சற்று நேரம் கவனமாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்புகிறார். "இனி உழுந்து போடுறாராம்."

படிவத்தில் எழுதுகிறேன். அடுத்த வீட்டுக்காரர் பயறு போடுவாராம். மூன்றாவது வீட்டில் படிவத்தை மடிக்கிறேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. எல்லாரும் எங்கை?"

"மிளகாய் விலைப்படேல்லை. ஊரை விட்டுப் போயிட்டினம்."

"பிறகு ஏன் இப்பிடிச் சொல்லுறியள்?"

"முதல் அந்த அறிக்கையை எழுதேக்கை நீங்கள் இவையளைப் பாத்தோ எழுதினனீங்கள்?"

அந்த அறிக்கையைத் தமிழில் எழுதியவன் நான்தான். அவர் நாலாவது வாசலுக்குப் போய், "மகேசு!" என்கிறார்.

இருட்டான அந்த அறையைப் பார்த்தபடி, பதில் வருமென்று நானும் காத்திருக்கிறேன்.