பதினைந்தாவது பெயர்

வரலாற்று ஆசிரியர் வேலை என்பது, ஊரே அவசியம் என்று தலையாட்டும் ஒரு பாடத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை. கடல் தாண்டி வந்து குடியேறிய இந்த நகரத்தில், மவுண்ட் ஆல்பர்ட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாக இந்த உத்தியோகம் பார்க்கிறேன். பாடம் நடத்துவது இடையில் கிடைக்கும் நேரத்தில்தான். இசையோ ஓவியமோ மொழியோ சொல்லித் தந்து வயிறெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே சாதி.

கடைசி வருடமான பதின்மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் எடுப்பது அமெரிக்காவின் முதல் மூன்று ஜனாதிபதிகளின் காலம். கட்சியே இல்லாமல் ஆரம்பித்த நாட்டில் இரண்டு கட்சிகள் எப்படி முளைத்தன என்ற கதை. குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனபோது மேசையில் ஒரு கடிதம் இருந்தது. அடுத்த வருடத்துக்குப் பதினைந்து பேர் சேராவிட்டால் வகுப்பு மூடப்படும், எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலைதான் மிஞ்சும்.

யாருக்கு ஊசி?

பெற்றோர் சந்திப்புக்குப் பக்கத்துப் பகுதியான பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துத் தந்தை வந்தார். அவருடைய மகன்தான் பதினோராம் வகுப்பிலிருந்தே வரலாற்றில் முதல். அடுத்த வருடமும் தொடர வேண்டும் என்று துடிக்கிறான். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். முதல் ஜனாதிபதியின் மந்திரிசபையில் நிதியமைச்சரும் வெளியுறவு அமைச்சரும் முட்டிக்கொண்டது, அந்தச் சண்டையில் கட்சிகள் பிறந்தது, கட்சி மனப்பான்மை நாட்டைக் கெடுக்கும் என்று அந்த ஜனாதிபதி எச்சரித்துவிட்டுப் பதவியை விட்டுப் போனது, எல்லாம் சொன்னேன்.

மனிதர் "ஓம், ஓம்" என்று கேட்டார். பிறகு இலங்கையில் எந்தக் கட்சி எப்போது எதற்காக உடைந்தது என்று கால் மணி நேரம் கதைத்தார். சத்தியமாக என் பாடத்தைவிட நன்றாக இருந்தது. இவர் பையனை அனுப்பிவிடுவார் என்று கையெழுத்துக்குப் பேனாவை எடுத்து நீட்டினேன். எழுந்து நின்று கைகொடுத்தார்.

"நல்ல பாடம் டீச்சர், நான் ஒண்டும் குறை சொல்லேல்லை. ஆனா இதைப் படிச்சுப்போட்டு இவன் ஆஸ்பத்திரியில ஆருக்கு ஊசி போடுறது?"

ஒரு ஹீட்டர், ஒரு நாடு

பிள்ளை ஆசைப்படுவதைப் பிடுங்கும் பெற்றோரை என்ன செய்தால் தகும் என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் பொருமினேன். பிறகு வேறு வழியில்லாமல் மாணவர்களையே மடக்கப் பார்த்தேன். என் பன்னிரண்டாம் வகுப்பை ஒரு புது நாடாக்கினேன். சட்டம் ஒன்றுதான்: கட்சி கூடாது. தீர்மானிக்க வேண்டியதும் ஒன்றுதான். எங்கள் பழைய மர வகுப்பறையில் இருக்கும் ஒற்றை ஹீட்டர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பத்து நிமிடத்தில் ஜன்னல் பக்கம் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று என்று நாடு பிளந்துவிட்டது. மணி அடிப்பதற்குள் இரண்டு கோஷம், இரண்டு சுவரொட்டி. அன்று மட்டும் எட்டுப் பேர் அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். ஜன்னல் பக்கத்துக்குத் தலைமை தாங்கிய சீனா என்ற சமோவத் தீவுப் பெண்ணிடம், "கட்சி கூடாதென்று சொன்னேனே?" என்றேன். அவளுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது.

"நாங்க கட்சி இல்லை மிஸ், எங்களுக்குக் குளிருது, அவ்வளவுதான். அவங்கதான் கட்சி."

கெட்ட எண்ணம் இல்லை

அந்த நாட்களில் அமெரிக்கத் தேர்தலில் இரண்டாவதாக வந்தவர் துணை ஜனாதிபதி. அதனால் இரண்டாவது ஜனாதிபதிக்குத் துணையாக அவருடைய எதிரியே வந்து உட்கார்ந்தார். நான்கு வருடம் ஒரே அரசாங்கத்தில் இருவரும் குமைந்தார்கள். விதியை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, கட்சிகள் வரும் என்று நினைக்கவில்லை.

எங்கள் துணை முதல்வரும் அப்படி ஒரு காரியம் செய்தார். புதிய நேர அட்டவணையில் வரலாறும் இயற்பியலும் ஒரே கட்டத்தில் விழுந்திருந்தன. ஒன்றை எடுத்தால் மற்றதை எடுக்க முடியாது. டாக்டர், எஞ்சினியர் கனவோடு விமானம் ஏறிய குடும்பங்களின் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று தெரிந்துகொள்ள வரலாறு படிக்க வேண்டியதில்லை. கொதித்துப்போய் அவர் அறைக்குப் போனேன். சிரித்த முகம் மாறாமல் சொன்னார்.

"இதில் அரசியல் எதுவும் இல்லை. மென்பொருள் போட்டது, நான் அனுப்பினேன்."

கேக்

அந்த இரண்டாவது ஜனாதிபதி அடுத்த தேர்தலில் தன் துணையிடமே தோற்றார். புதியவர் பதவியேற்ற அன்று விடிவதற்கு முன்பே தோற்றவர் வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார். சின்னப் புத்தி என்று மாணவர்கள் எழுதுவார்கள், நானும் சரி என்று குறி போடுவேன். போன வருடம் லத்தீன் வகுப்பை மூடினார்கள். கடைசி நாள் அதன் ஆசிரியர் காலை இடைவேளைக்கு முன்பே மேசையைக் காலி செய்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த விடைக்குக் குறி போட என் கை வருவதில்லை. அன்று அவரை வழியனுப்பத் தேநீர் விருந்துக்குக் கூடியிருந்த எங்களைப் பார்த்து அலுவலகத்துப் பெண் கேட்டாள்.

"கேக்கில் அவர் பேரை எழுதியாச்சே, வெட்டலாமா வேண்டாமா?"

பதினாலு

கடைசிப் பட்டியல் வந்தது. பதினாலு பெயர். மூன்று முறை எண்ணினேன். யாழ்ப்பாணத்துக்காரரின் மகன்கூட அதில் இருந்தான். அப்பாவிடம் அழுது புரண்டு சம்மதம் வாங்கிவிட்டானாம். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் ஒரே ஒரு பெயர் வேண்டும்.

என் மகள் மித்ராவும் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு மாதத்துக்கு முன் ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அவளுடைய பாடத் தேர்வுப் படிவம் கிடந்தது. வரலாறு என்று நிரப்பியிருந்தாள். "எஞ்சினியரிங்குக்கு இயற்பியல் இல்லாம எப்படிடி? வரலாறு நான் வீட்டுலயே சொல்லித் தரேன்" என்று அடித்து, இயற்பியல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டவள் நான். இத்தனை நேரம் பெற்றோர்களை வைதுகொண்டிருந்தவளும் நான்தான்.

வியாழக்கிழமை மாலை புதுப் படிவத்தை அவள் முன் வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வைத்தேன். வீட்டில் எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று நான் தப்பிக்க இடம் வைக்காமல் தமிழில் சொன்னாள்.

"எனக்கு வேணும்னு கேட்டப்ப வேண்டாம்னீங்க. இப்ப உங்களுக்கு வேணுமாம்மா?"

வெள்ளிக்கிழமையும் பட்டியல் பதினாலிலேயே நின்றது, வகுப்பை மூடிவிட்டார்கள். கட்சியே ஆகாது என்று நாடறியச் சொன்ன முதல் ஜனாதிபதியும் உள்ளுக்குள் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தார் என்று பதினோரு வருடம் கேலியாகப் பாடம் நடத்திய நான், அடுத்த வருடம் வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலிருந்து அவரைப் புரிந்துகொள்ளப் போகிறேன், சனி ஞாயிறு உட்பட.