கட்டி கரைந்தவரைப் பார்க்கப் போனோம்

1979 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறரை மணிக்கு விழுப்புரத்தில் நானும் என் மனைவி சரோஜாவும் பஸ் ஏறினோம். திருவண்ணாமலைக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சரோஜாவின் மார்பில் இருந்த கட்டி புற்றுதான் என்று மதராஸ் டாக்டர் சொல்லிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஆபரேஷனுக்கு அவள் ஒப்பவில்லை. "மருந்தே இல்லாம அங்க ஒருத்தங்களுக்குக் கரைஞ்சிருக்காம். அவங்களைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றாள்.

ஒன்பது மணிக்கு இறங்கிக் குதிரை வண்டி பிடித்தோம். மலையைச் சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைக்கு நான்கு ரூபாய். "குப்பம்மா வூடுதானே? மாசத்துக்கு நாலு பேராவது வந்துடறாங்க சார்" என்றார் வண்டிக்காரர். சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்த நம்பிக்கை என்னைப் பயமுறுத்தியது.

குப்பம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். இங்கே மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையை வாசலில் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சரோஜாவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இருபது நிமிடம் வெயிலில் நின்றேன். 'ஒன்றும் செய்யாதே, தானாகப் போய்விடும்' என்று சொல்லிவிடுவாரோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து என்னிடம் அவரே பேசினார்.

"எனக்கும் மார்லதான் சார். சதையை எடுத்துப் பாத்துட்டுப் புத்துன்னாங்க. பயத்துல ஓடியாந்துட்டேன். எட்டு மாசத்துல கட்டி கம்மியாகிக் காணாம பூடுச்சு. மறுபடி பாத்த டாக்டரே, ஏன்னு தெரியலன்னாரு."

"பச்சிலை, பத்தியம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க. கூழுதான் குடிச்சேன். என்கூட ஆஸ்பத்திரிய வுட்டு ஓடியாந்தவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் செத்துட்டாங்க. வர்றவங்க எல்லாம் என்னைத்தான் பாக்கறாங்க. அவங்கள யாரு போய்ப் பாக்கறது?" சரோஜாவின் பக்கம் திரும்பினார். "நானே தெனம் காலைல தடவிப் பாத்துட்டுதாம்மா எழுந்திருக்கறேன். நீ போய் ஆபரேஷன் பண்ணிக்க."

பகல் பன்னிரண்டுக்கு ராஜகோபுரத்தின் எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னேன். சரோஜா இறங்கவில்லை. "கோவிலுக்கு அப்புறம் வரலாம். மதராஸ் பஸ் எப்பன்னு கேளுங்க" என்றாள்.

ஆபரேஷன் நடந்து நான்கு வருடம் ஆகிறது. சரோஜா நன்றாக இருக்கிறாள். ஆனாலும் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம்தான். எப்போதாவது அவள் கேட்பாள்: "காத்திருந்தா எனக்கும் கரைஞ்சிருக்குமோ?"

தெரியாது என்பேன். அதுதான் உண்மை.